விமானப்படைக் கீழ்நிலை வீரர்: தாம்பரத்தில் பதவி வரிசையும் மரியாதை முறைகளும்

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் அண்மையில் விரிந்து கிடக்கும் இந்திய விமானப்படை நிலையம், விமானமோட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியினாலேயே வெளியுலகில் பெயர் பெற்றதாயினும், அதன் அன்றாட வாழ்வு பெரும்பாலும் அதிகாரிகளல்லாத வீரர்களின் உழைப்பினாலேயே நடைபெறுகிறது. இயந்திரத் தொழில் கற்கும் இளைஞர் வந்து தங்கும் மெக்கானிக்கல் டிரெயினிங் இன்ஸ்டிடியூட்டும், விமானப்படையில் சேர விரும்புவோர் தேர்வுக்கு வந்து நிற்கும் எட்டாம் எண் ஆட்தேர்வு நிலையமும் இங்கேயே இருப்பதால், ஒரு வீரன் விண்ணப்பதாரனாக வாயிலில் நின்ற நாள் தொட்டுப் பிறருக்குக் கட்டளையிடும் நாள் வரையிலான படிகளை ஓரிடத்திலேயே காண இயலும்.

அப்படிகள் ஏழு. ஏர்கிராப்ட்ஸ்மேன், லீடிங் ஏர்கிராப்ட்ஸ்மேன், கார்ப்பொரல், சார்ஜண்ட் என்பன முதல் நான்கு. முன்னாளில் பிளைட் சார்ஜண்ட் என்றிருந்த பதவிக்கு ஈடாகப் பின்னர் ஏற்பட்ட ஜூனியர் வாரண்ட் ஆபீசரும், வாரண்ட் ஆபீசரும், மாஸ்டர் வாரண்ட் ஆபீசரும் மேல் மூன்று. முதற்படியினனுக்குச் சின்னம் ஏதுமில்லை. இரண்டாம் படியினனுக்கு இரண்டு அலகுடைய விமான விசிறியின் வடிவம். கார்ப்பொரலுக்குச் சட்டைக் கையில் இரண்டு பட்டை, சார்ஜண்டுக்கு மூன்று. ஒரே பதவியிலுள்ள இருவருள் எவர் மூத்தவர் என்பதை அப்பதவி கிடைத்த தேதி தீர்மானிக்கிறது. பயிற்சிக் காலத்தில் அதனை எந்தக் குழுவோடு வந்து சேர்ந்தான் என்பதே தீர்மானிக்கும். வயதோ கல்வியோ அங்கே கணக்கில்லை.

இவ்வேழனுள் மிகவும் இக்கட்டான ஸ்தானம் கார்ப்பொரலுடையது என்று துணிந்து கூறலாம். சார்ஜண்டாக உயர்ந்தவன் மேற்படியினருக்கென்று ஏற்பட்ட வேறொரு மெஸ்ஸில் உண்டு, தன் ஓய்வு நேரத்தையும் அவர்களிடையே கழிக்கிறான். ஆகவே அவனுக்கும் அவன் ஆணைக்குட்பட்டோருக்கும் நடுவில் சுவரொன்று இயல்பாகவே அமைந்துவிடுகிறது. கார்ப்பொரலுக்கு அத்தகைய சுவர் கிடையாது. காலையில் பால்-இன் எனப்படும் அணிவகுப்பு வேளையில் எவனுடைய பூட்ஸ் மெருகிடப்படவில்லை என்று கண்டித்தானோ, அவனோடுதான் அதே ஏர்மென் மெஸ்ஸில் தட்டேந்தி வரிசையில் நிற்கிறான். மணமாகாதவனாயின் அதே பாரக்கில் அடுத்த கட்டிலில் உறங்கவும் செய்கிறான். சென்ற ஆண்டு வரை தோளிற் கைபோட்டுத் திரிந்த நண்பனிடம், இன்றிரவு காவல் முறை உன்னுடையது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாரத்தை மிகுதியாகக் காட்டினால் பகைமையும், காட்டாது விட்டால் அலட்சியமும் விளையும். படையின் கட்டுப்பாடு தளபதியின் அலுவலகத்தில் பிறக்கிறது என்பார் கூற்றில் உண்மை பாதியே. மற்றப் பாதி இந்த இரண்டு பட்டைக்காரனின் நாவடக்கத்தில் இருக்கிறது.

மரியாதை முறைகளுள் பொதுமக்கள் நன்கறிந்தது சல்யூட். அஃது அரசின் கமிஷன் பெற்ற அதிகாரிக்கு உரியது. ஆளுக்கன்று, அவர் தாங்கும் கமிஷனுக்கே என்பது சம்பிரதாயம். கார்ப்பொரலுக்கோ சார்ஜண்டுக்கோ எவரும் சல்யூட் செய்வதில்லை; அவர்கள் பேசும்போது நிமிர்ந்து நிற்பதும், அமர்ந்திருந்தால் எழுவதுமே மரியாதை. தரைப்படையினர் உள்ளங்கை முழுதும் எதிரிலிருப்போருக்குத் தெரியுமாறும், கடற்படையினர் அது கீழ்நோக்கியிருக்குமாறும் சல்யூட் செய்வர். விமானப்படை 2006-ஆம் ஆண்டு முதல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 45 பாகைச் சாய்வைக் கைக்கொண்டது.

அருகிலுள்ள பரங்கிமலையில் இம்முறைகள் விநோதமானதொரு வடிவம் கொள்கின்றன. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் மிகுதியாகத் தேவைப்பட்டமையால் 1963-இல் தொடங்கப்பெற்று, 1988 முதல் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி எனப்படும் தரைப்படை ஸ்தாபனத்தில், நாளைய அதிகாரிகளுக்கு அணிவகுப்புக் கற்பிப்போர் பெரும்பாலும் ஹவில்தார்களும் சுபேதார்களுமே. மாணவர் அவர்களை உஸ்தாத் என்று அழைக்க, அவர்களோ மாணவரைச் சாகிப் என்று அழைத்தவாறே மைதானத்தைச் சுற்றி ஓடவும் வைப்பர். சில மாதங்களில் அம்மாணவர் தோளில் நட்சத்திரம் ஏறியதும் அதே உஸ்தாத் அவர்க்குச் சல்யூட் செய்ய வேண்டியவராவார். ஆயினும் நல்ல அதிகாரிகள் சுபேதாரைச் சுபேதார் சாகிப் என்றே ஆயுள் முழுதும் அழைப்பர். இவ்வழக்கம் எழுதப்படாத சட்டமாகவே தரைப்படையில் நிலைத்திருக்கிறது. சிப்பாயொருவனை அதிகாரியின் சொந்த உதவிக்கு அமர்த்தும் சகாயக் முறை தரைப்படைக்கே உரியது. விமானப்படையில் அது கிடையாது.

வழக்கத்துக்குப் பின்னே சட்டம் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டம், மேலதிகாரி என்னும் சொல்லில் கார்ப்பொரலையும் சார்ஜண்டையும் உள்ளடக்கியே பேசுகிறது. ஆதலால் அவர்தம் முறையான கட்டளையை மீறுவது 41-ஆம் பிரிவின்படிக் குற்றமாகும். அதிகாரத்தை வேண்டுமென்றே எதிர்த்து நிற்கும் வகையில் மீறினால் பதினான்கு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. இங்கே முறையான என்ற அடைமொழி உயிர்நாடியானது. மூத்தவனது சொந்தத் துணியைத் துவைக்கச் சொல்வது அத்தகைய கட்டளையாகாது. இதே சட்டத்தின் 47-ஆம் பிரிவைப் பலர் அறிவதில்லை. கீழ்ப்பட்டவனை அடித்தோ வேறு வகையிலோ கொடுமை செய்யும் அதிகாரிக்கும் பட்டைக்காரனுக்கும் ஏழாண்டு வரை சிறை என்பது அது. அநீதிக்குள்ளானதாகக் கருதும் வீரன் முறையிடுவதற்கு 26-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது.

பதவிக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவு நேரானதன்று. ஏழாவது ஊதியக்குழுவின் அட்டவணையில் ஏர்கிராப்ட்ஸ்மேன் மூன்றாம் நிலையிலும், கார்ப்பொரல் நான்காம் நிலையிலும், சார்ஜண்ட் ஐந்தாம் நிலையிலும் வைக்கப்பட்டிருப்பினும், 8, 16, 24 ஆண்டுகள் முடிந்தவிடத்துப் பதவி உயராதவனுக்கும் அடுத்த நிலை ஊதியம் கிடைக்கும் ஏற்பாடொன்று உண்டு. பணம் வந்துவிடுகிறது, பட்டை வருவதில்லை, ஆகவே கட்டளையிடும் உரிமையும் வருவதில்லை.

மரியாதை மேலிருந்து கீழும் பாய வேண்டியதென்பதைச் சரித்திரம் இருமுறை இத்தமிழ்நாட்டில் உணர்த்தியது. 1806-இல் வேலூர்ச் சிப்பாய்கள் நெற்றிக் குறியையும் தாடியையும் நீக்கிப் புதுத் தலைப்பாகை அணியுமாறு ஏவப்பட்டனர். மறுத்தோருக்குக் கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10-ஆம் நாள் கோட்டை வெடித்தெழுந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயின் தல்வார் கடற்படை நிலையத்தில், மாலுமிகளைத் தளபதி இழிமொழியால் ஏசியதும், உணவின் சீர்கேடும் பற்றி மூண்ட வேலைநிறுத்தத்தின் எதிரொலி சென்னையின் அடையாறு என்னும் கடற்படை நிலையத்திலும் கேட்டது. இவ்விரண்டிலும் கீழ்நிலை வீரர் ஆயுதத்தையோ உழைப்பையோ வெறுத்தாரல்லர், அவமதிப்பையே வெறுத்தனர்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்த ஏணியின் அடியில் புதியதொரு படியை இட்டது. நான்காண்டுக்குச் சேர்க்கப்படும் அக்னிவீர்வாயு, முன்பிருந்த எப்பதவியினின்றும் வேறுபட்ட தனிப்பதவியினனாக, தனிச் சின்னத்தோடு பணி செய்கிறான். ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாதோரே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது விதி. எஞ்சிய முக்கால் பங்கினர், கார்ப்பொரலின் இரண்டு பட்டைகளை ஒரு நாளேனும் அணியாமலே படையினின்று நீங்குவர்.