ஒலிநாடாவில் குடியேறிய நிரல்கள்

1970களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் இறுதி வரை ஐரோப்பாவில் வீட்டுக்கென்று கணினி வாங்கியவர்களில் மிகப் பலர், தங்கள் நிரல்களையும் விளையாட்டுகளையும் பாட்டுக் கேட்கப் பயன்பட்ட அதே கேசட்டுகளில்தான் வைத்திருந்தனர். நிரல் என்பது கணினி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு. அது இறுதியில் சுழியம், ஒன்று என்னும் இரண்டே குறிகளால் ஆனது என்பதால், இரண்டு வெவ்வேறு ஒலிகளைப் பதிந்து திருப்பி ஒலிக்கத் தெரிந்த எந்தக் கருவியும் அதைச் சுமந்துசெல்லப் போதுமானதாயிற்று. கணினி வரலாறு எழுதுவோர் சில்லுகளைப் பற்றியும் நிறுவனங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நாடாவை ஓர் இடைக்கால ஒட்டுவேலையாகக் கருதி ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. இது அந்தக் காலத்துக்கு இழைக்கப்படும் அநீதி. யார் விளையாட்டு எழுதலாம், யார் அதை விற்கலாம், யார் படியெடுக்கலாம், எந்த நாட்டில் எவர் வீட்டுக்குக் கணினி போய்ச் சேரலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னதில் அந்த நாடாவின் மலிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கையடக்கக் கேசட், பேச்சையும் இசையையும் பதிவதற்காகவே உருவானது. 1975 ஜனவரியில் அமெரிக்க இதழொன்றின் அட்டைப்படத்தில் இடம்பெற்ற ஆல்டேர் 8800 என்னும் கணினிப் பெட்டியை வாங்கித் தாங்களே பற்றவைத்துக் கட்டிய ஆர்வலர்களிடம், எழுதிய நிரலைச் சேமித்து வைக்க வழி இல்லை. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போய்விடும். துளையிட்ட காகித நாடா இருந்தது என்றாலும், அதைப் படிக்கவும் துளைக்கவும் வேண்டிய தந்தித் தட்டச்சு இயந்திரம் கணினியைவிட விலை கூடியது. டேப் ரிக்கார்டரோ அநேகமாக எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆளுக்கொரு முறையில் நாடாவில் பதியத் தொடங்கியதால் ஒருவர் பதிந்ததை இன்னொருவர் படிக்க முடியாமற்போக, பைட் என்னும் இதழ் 1975 நவம்பரில் கன்சாஸ் சிட்டி நகரில் தயாரிப்பாளர்களைக் கூட்டி ஒரு பொது முறையை வகுக்கச் செய்தது. அதன்படி சுழியத்துக்கு 1,200 ஹெர்ட்ஸ் ஒலியில் 4 அலைகள், ஒன்றுக்கு 2,400 ஹெர்ட்ஸ் ஒலியில் 8 அலைகள். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதைச் சொல்லும் அளவு. நொடிக்கு 300 குறிகள் என்னும் இந்த வேகத்தில் 4 கிலோபைட் அளவுள்ள நிரலை ஏற்ற இரண்டரை நிமிடம் பிடித்தது. ஒலி எதில் பதிந்திருந்தாலும் கணினிக்கு ஒன்றே என்பதால், 1977 மே மாதத்தில் இன்டர்ஃபேஸ் ஏஜ் என்னும் இதழ் மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்றில் நிரலைப் பதித்து இதழோடு சேர்த்தே அனுப்பியது.

அமெரிக்காவில் இந்த வழக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் 1978இல் ஃபிளாப்பி வட்டு இயக்கியைக் கொண்டுவந்த பின்னர், வசதியுள்ள வாடிக்கையாளர்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். பிரிட்டனில் கதை வேறாக நடந்தது. அங்கே கணினியின் விலையே சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் அளவுக்கு இறங்கியபோது, அந்தக் கணினியைவிட விலை மிகுந்த வட்டு இயக்கியை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கேம்பிரிட்ஜில் இயங்கிய கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1980இல் இசட்எக்ஸ் 80 கணினியை 99.95 பவுண்டுக்கும், அடுத்த ஆண்டு இசட்எக்ஸ் 81ஐ 69.95 பவுண்டுக்கும் விற்றது. தாமே பொருத்திக்கொள்ள முன்வந்தவர்களுக்கு அது 49.95 பவுண்டுக்கே கிடைத்தது. 1982 ஏப்ரல் 23 அன்று வெளியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 16 கிலோபைட் நினைவகத்தோடு 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட்டோடு 175 பவுண்டுக்கும் வந்தது. ரிக் டிக்கின்சன் வடிவமைத்த அதன் உடல் ஒரு புத்தக அளவுதான். விசைகள் ரப்பரால் ஆனவை. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிப்புக்கு வீட்டு டேப் ரிக்கார்டர் என்று, விலை கூடிய உறுப்புகள் இரண்டையும் வாங்குபவர் வீட்டிலேயே இருப்பவையாகக் கணக்கிட்டதுதான் அந்த விலையின் இரகசியம்.

நிரலை ஏற்றும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஸ்பெக்ட்ரத்தில் ‘ஜே’ விசையை ஒருமுறை அழுத்தினால் ‘லோட்’ என்ற கட்டளைச்சொல் முழுதாக வந்து நிற்கும்; அதன்பின் மேற்கோள் குறியை இருமுறை இட்டு என்டர் விசையை அழுத்திவிட்டு, ரிக்கார்டரின் காதொலிக் குழியிலிருந்து கணினிக்குக் கம்பியைச் செருகி, நாடாவை ஓடவிட வேண்டும். முதலில் சில நொடிகள் ஏற்ற இறக்கமின்றி நீளும் ஒற்றை ஒலி வரும்போது திரையின் ஓரங்களில் சிவப்பும் இளநீலமும் பட்டைகளாக அசையும். அது கணினி நாடாவின் வேகத்தோடு தன்னை இசைவித்துக்கொள்ளும் நேரம். பிறகு உண்மையான தரவு கரகரப்பாக வரத் தொடங்கியதும் பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறித் துடிக்கும். விளையாட்டின் முகப்புப் படம் 6,912 பைட்டுகளாலானது. முதலில் கோடுகள் மட்டும் இடைவெளி விட்டுத் திரையில் நிரம்பி, கடைசியில் வண்ணங்கள் மேலிருந்து கீழாக வந்து படியும். இதற்கு முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். நினைவகம் முழுவதும் நிரம்பச் சுமார் ஐந்து நிமிடம். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் சரிபார்ப்புக்காக ஒரு பைட் வைக்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த தரவைக் கணக்கிட்டுப் பார்த்து அது பொருந்தவில்லை என்றால், நான்காம் நிமிடத்தின் கடைசியிலும்கூட நாடாப் பிழை என்ற ஒற்றை வரி திரையில் வந்து நிற்கும். அப்போது ஒலியளவைக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், நாடாவை உரசிப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் தீர்மானிக்கும் சிறு திருகைக் கடிகாரத் திருப்புளியால் நூலளவு திருப்பி, ஒலி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவார்கள். இதனால் காதால் கேட்டே நாடாவின் நலம் பார்க்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட வந்தது.

இந்தக் கணினிகளில் இயக்குமுறைமை, அதாவது வன்பொருளுக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே நின்று எல்லாவற்றையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள், தனியாக ஏற்றப்படுவதில்லை. ஸ்பெக்ட்ரத்தில் 16 கிலோபைட் நிலைநினைவகத்தில் அழியாமல் பதிந்திருந்த பேசிக் மொழியே அந்த வேலையையும் பார்த்தது. மின்சாரம் கொடுத்த கணமே நிரல் எழுதச் சொல்லிக் காத்திருக்கும். விளையாட மட்டுமே விரும்பியவரும் அந்த வாசலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். விளையாட்டை ஏற்றும் கட்டளையே அவர் கற்ற முதல் நிரற்சொல்லாக அமைந்தது. பிற்காலக் கணினிகள் படக்குறிகளைக் காட்டி எளிமை தந்தன. அந்த எளிமையில் இந்த அறிமுகம் பறிபோனது ஒரு பேரிழப்பு. 1982 ஜனவரியில் பிபிசி தொடங்கிய கணினி எழுத்தறிவுத் தொலைக்காட்சித் தொடரும், அதற்காக ஏக்கான் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினியும் இதே அறிமுகத்தை ஒரு பொதுக்கல்வித் திட்டமாகவே நடத்தின. இந்தியாவில் 1984-85இல் தொடங்கப்பட்ட பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்திலும் பிபிசி மைக்ரோவே பயன்பட்டது.

நாடா மலிவாக இருந்ததால் பதிப்பாளராவதற்கு முதலீடு ஏறக்குறையத் தேவைப்படவில்லை. நிரலை எழுதி முடித்தவர் கேசட்டுகளில் படியெடுத்து, அட்டைப்படத்தை அச்சடித்து, கணினி இதழில் சிறு விளம்பரம் கொடுத்து, அஞ்சலில் காசோலை வர வர அனுப்பிவைத்தால் போதும். பல நிறுவனங்கள் இப்படித்தான் படுக்கையறையிலும் சமையலறை மேசையிலும் பிறந்தன. லிவர்பூல் நகரின் பக்-பைட் நிறுவனம் 1983இல் 5.95 பவுண்டு விலையில் வெளியிட்ட மேனிக் மைனர் என்னும் விளையாட்டை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு அப்போது வயது 17. சுரங்கத் தொழிலாளி ஒருவன் 20 குகைகளில் குதித்துக் குதித்துச் சாவிகளைச் சேகரிக்கும் அந்த விளையாட்டு, 48 கிலோபைட்டுக்குள் தனியொருவர் எதைச் செய்ய முடியும் என்பதற்கு அந்தத் தலைமுறை காட்டிய அளவுகோலாயிற்று. அதே 1983இல் தோன்றிய மாஸ்டர்ட்ரானிக் நிறுவனம் 1.99 பவுண்டுக்கு விளையாட்டுகளைக் கொண்டுவந்து, செய்தித்தாள் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் அடுக்கியது. சிறுவர்கள் தங்கள் கைச்செலவுக் காசில் தாங்களே தேர்ந்தெடுத்து வாங்கும் பொருளாக மென்பொருள் மாறியது இந்த விலையால்தான். அவற்றில் பல அவசரத்தில் செய்த மட்டமான விளையாட்டுகள் என்பது உண்மையே. ஆனாலும் வாங்கி ஏமாறும் உரிமைகூட அதுவரை பெற்றோரிடமே இருந்தது.

மலிவின் மறுபக்கம் படியெடுத்தல். இரண்டு ரிக்கார்டர்களைக் கம்பியால் இணைத்தால் விளையாட்டும் பாட்டைப்போலவே படியாகிவிடும். இரட்டைக் கேசட் டெக்குகள் வந்தபின் கம்பிகூடத் தேவைப்படவில்லை. உழைத்து எழுதியவர்களின் வருமானத்தை இது அரித்தது என்பதைப் பழைய நினைவுகளின் இனிமையில் மறைப்பது நேர்மையாகாது. மேத்யூ ஸ்மித்தின் அடுத்த விளையாட்டான ஜெட் செட் வில்லி 1984இல் வந்தபோது, வண்ணச் சதுரங்கள் நெருக்கமாக அச்சிட்ட அட்டை ஒன்று கேசட்டோடு கொடுக்கப்பட்டது; திரை கேட்கும் கட்டத்தில் உள்ள நிறங்களைச் சொன்னால்தான் விளையாட்டு தொடங்கும். வண்ணப் படிப்பொறி அரிதாக இருந்த காலமாதலால் இது ஓரளவு பலித்தது. பொறுமைசாலிகள் வண்ணப் பென்சிலால் அட்டையையே வரைந்துகொண்டனர். மென்பொருள் திருட்டை எதிர்க்கும் கூட்டமைப்பு ஒன்று 1984இல் உருவாயிற்று. 1985இல் பிரிட்டனின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் வெளிப்படையாக உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. இரட்டை டெக் விற்ற ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின் மீது இசைத்துறை தொடுத்த வழக்கில், கருவியை விற்பது திருட்டுக்கு அனுமதி தருவதாகாது என்று பிரபுக்கள் அவை 1988இல் தீர்ப்பளித்தது. ஸ்பெக்ட்ரத்தின் உரிமையை 1986 ஏப்ரலில் 50 இலட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டதும் இதே ஆம்ஸ்ட்ராட்தான்.

நிரல் ஒலியாக இருந்ததன் மிக அழகிய விளைவு வானொலியில் நிகழ்ந்தது. நெதர்லாந்து ஒலிபரப்பான என்ஓஎஸ், ஹாபிஸ்கூப் என்னும் தன் நிகழ்ச்சியில் கணினி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பியது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றின் நாடாவை மற்றொன்று படிக்காது என்ற தடையைக் கடக்க, எல்லாவற்றுக்கும் பொதுவான பேசிகோடு என்னும் முறையும் அங்கே உருவாகி, பின்னர் பிரிட்டனின் பிபிசி வரை பரவியது. யூகோஸ்லாவியாவில் இது இன்னும் ஆழமாக வேர்விட்டது. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கடும் விலைவரம்பு இருந்ததால் அங்கே கணினி வாங்குவது சாமானியருக்கு எட்டாத காரியம். வோயா அன்டோனிச் என்னும் பொறியாளர் 1983 கோடையில், காட்சியை உருவாக்கும் தனிச்சுற்றைத் தவிர்த்து அந்த வேலையையும் மையச் செயலியான இசட் 80 சில்லிடமே ஒப்படைத்து, மலிவான உறுப்புகளால் எவரும் கட்டக்கூடிய கணினியொன்றை வகுத்தார். கலாக்சியா என்ற இதழின் சிறப்பு வெளியீட்டில் அதன் வரைபடங்கள் முழுமையாக அச்சாயின. 8,000க்கும் மேற்பட்டோர் அதைக் கட்ட முன்வந்தனர். பெல்கிரேடு வானொலியில் ஸோரான் மோட்லி நடத்திய வென்டிலேட்டர் 202 நிகழ்ச்சி பாட்டுகளுக்கிடையே நிரல்களை ஒலிபரப்ப, நேயர்கள் அவற்றைக் கேசட்டில் பதிந்துகொண்டு கணினியில் ஏற்றினர். சிலர் தாங்கள் திருத்தி எழுதியதை மறுபடி ஒலிபரப்புமாறு நிலையத்துக்கு அனுப்பினர். இணையம் வீட்டுக்கு வருவதற்குப் பத்தாண்டு முன்பே, கம்பியில்லாமலும் கட்டணமில்லாமலும் ஒரு நாட்டில் மென்பொருள் விநியோகம் நடந்திருக்கிறது என்பதை இன்றைய கணினி மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஆம்ஸ்ட்ராட் 1986இல் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2 கணினியில் ரிக்கார்டர் உடலோடு ஒட்டியே வந்தது. அடுத்த ஆண்டின் பிளஸ் 3இல் அதன் இடத்தை 3 அங்குல வட்டு பிடித்தது. விளையாட்டுகள் பெரிதாகி, ஒரு கட்டம் முடிந்ததும் நாடாவை ஓடவிட்டு அடுத்ததை ஏற்றச் சொல்லும் நிலை வந்தபோது நாடாவின் பொறுமை தீர்ந்துவிட்டது எனலாம். 1992இல் ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தியே நின்றது.

1990களிலிருந்து ஆர்வலர்கள் பழைய கேசட்டுகளைத் திரட்டி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, திருகைச் சரிசெய்து, நாடா எழுப்பும் ஒவ்வொரு துடிப்பின் நீளத்தையும் அளந்து கோப்புகளாக மாற்றி வருகின்றனர். கடைகளில் விற்ற விளையாட்டுகளுக்குப் பல படிகள் கிடைப்பதால், ஒன்றில் உதிர்ந்துபோன காந்தப்பூச்சை மற்றொன்று ஈடுசெய்கிறது. வீட்டில் ஒருவர் தம் கையால் எழுதி, கேசட்டின் தாளில் பென்சிலால் பெயரிட்டு, இருந்த ஒரே படியாக வைத்த நிரல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை இன்னும் பரண்களில் கிடக்கின்றன. பாட்டு என்று எண்ணி எவரேனும் அவற்றை ஓடவிட்டால் கேட்பது கரகரப்பு மட்டுமே என்பதால், கெட்டுப்போன நாடா என்று கருதி அவற்றை எறிந்துவிடுகிறார்கள்.