காவல்கூலி

பொங்கலோ தீபாவளியோ நெருங்கினால் காவல் துறையிடமிருந்து ஒரு வேண்டுகோள் வரும்: வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து வரும் காவலர் அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். பைசா செலவில்லை. ஆனாலும் நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 'வீட்டில் ஆள் இல்லை' என்பதை யாரை நம்பிச் சொல்வது?

மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் தெளிவான பதில் இருந்தது. அதற்குப் பெயர் காவல். இப்போது ஒரு அரசுத் துறையின் பெயருக்குள் உட்கார்ந்திருக்கும் இந்தச் சொல், அன்றைக்கு ஒரு ஒப்பந்தத்தின் பெயர்.

ஒப்பந்தம் இரண்டு அடுக்காக இருந்தது. ஒரு ஊரைப் பார்த்துக்கொள்வது ஸ்தலக்காவல். பல ஊர்களும் அவற்றை இணைக்கும் பாதைகளும் சேர்ந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்வது திசைக்காவல். இது பெரும்பாலும் பாளையக்காரர்கள் கையில் இருந்தது. ஊர்க்காவலைப் பல இடங்களில் கள்ளர், மறவர் குடும்பங்கள் பரம்பரை உரிமையாக வைத்திருந்தன. அறுவடை முடிந்ததும் களத்திலேயே தானியமாகக் கூலி அளக்கப்படும்.

முக்கியமான ஷரத்து இனிமேல்தான். காவல் இருக்கும் ஊரில் பொருள் களவு போனால், காவல்காரர் அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியவில்லையென்றால் கைக்காசு போட்டு ஈடு கட்டவேண்டும். என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சேவை தருகிறேன் என்று சொல்பவர், சேவை விழுந்தால் நஷ்டத்தையும் ஏற்கவேண்டும். வாட்ச்மேன், துப்பறிவாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றும் ஒரே ஆள்.

இதற்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. காவல் வைக்காத ஊரில் மாடு காணாமல் போகும். சில நாளில் ஒரு ஆள் வந்து, மாடு இருக்கும் இடம் தனக்குத் தெரியும், ஆனால் துப்புக்கூலி வேண்டும் என்பார். மாட்டு விலையில் பாதி வரைகூட அது போகும். காசு கைமாறியதும் ஏதோ ஒரு மரத்தடியில் மாடு கட்டிக் கிடக்கும். துப்புச் சொன்னவருக்கும் ஓட்டிப்போனவருக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. திருநெல்வேலியில் கலெக்டராக இருந்த லஷிங்டன் போன்ற கம்பெனி அதிகாரிகள் காவல் முறை முழுவதையுமே இந்தக் கண்ணால்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பலவந்த வசூல்.

1801-இல் பாளையக்காரர்கள் வீழ்ந்ததும் திசைக்காவல் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1816-இல் கிராம போலீஸ் ஒழுங்குமுறை வந்தது. 1859-இல் மதராஸ் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம். காக்கும் அதிகாரம் மொத்தமும் அரசிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பழைய ஒப்பந்தத்தின் ஒரு வரி மட்டும் கூடப் போகவில்லை: களவு போனால் ஈடு. அரசு வரி வாங்கும், வழக்குப் பதியும், திருடனைப் பிடித்தால் தண்டிக்கும். பொருள் கிடைக்கவில்லையென்றால் அது உங்கள் நஷ்டம். இன்றைக்கும் அப்படித்தான்.

புது போலீஸ் வந்த பிறகும் ஊர்க்காவல் உடனே சாகவில்லை. போலீஸ் நிலையம் தூரத்தில் இருந்தது, காவல்காரர் பக்கத்துத் தெருவில் இருந்தார். 1896-இல் திண்டுக்கல் பக்கத்தில் விவசாயிகள் இதிலிருந்து வெளியேறப் பார்த்தார்கள். ஊர் கூடிப் பணம் போட்டு 'பண்டு' ஒன்றை வைத்துக்கொண்டார்கள். காவல் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்வது, மாடு களவு போனவருக்குப் பண்டிலிருந்து ஈடு தருவது. யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. சிக்கனமான பரஸ்பரக் காப்பீடு. ஆனால் அது அதோடு நிற்கவில்லை. பல ஊர்களில் கள்ளர் குடும்பங்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, அவர்கள் ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள். ஒரு ஒப்பந்தத்தை முறிக்கப் போனவர்கள், ஒப்பந்தக்காரர் பிறந்த சாதியையே எதிரியாக்கிக்கொண்டார்கள்.

அடுத்து அரசும் அதையேதான் செய்தது, சட்டத்தின் பெயரில். 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. பிறமலைக் கள்ளர்கள் இதன் கீழ் வந்தார்கள். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள், ஏனென்றால் பெயரோடு கைரேகையும் பதிய வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ராத்திரியானால் ஆண்கள் காவல் நிலையத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ வந்து படுக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டுக்கு ராத்திரிக் காவல் இருந்தவர்களால், இப்போது தங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தூங்க முடியவில்லை. இந்த வீடுகளுக்கு யார் காவல் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது.

காவல் முறையின் மிச்சம் நம்ம தெருக்களில் ரொம்ப காலம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ராத்திரி விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் கூர்க்கா. மாதம் பிறந்ததும் வீடு வீடாக வந்து ஐம்பதோ நூறோ வாங்கிக்கொள்வார். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, அவர் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் தெருவில் எங்காவது களவு போனால் முதல் விசாரணை அவரிடம்தான். ஈடு கட்டும் பொறுப்பு போய்விட்டது, சந்தேகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது 2,000 ரூபாய்க்குக் கேமரா கிடைக்கிறது. குற்றாலத்தில் நின்றுகொண்டு தாம்பரம் வீட்டு வாசலைப் பார்க்கலாம். வாங்கி மாட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் அது திருட்டைக் காட்டும், தடுக்க ஆள் வேண்டும். அதனால்தான் ஊருக்குப் போகும்போது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுக்கிறோம். பால் பாக்கெட் வாசலில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், சாயங்காலம் ஒரு லைட் போடச் சொல்கிறோம். இதைவிட மலிவான, இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால் அதுவும் ஒரு காவல் ஒப்பந்தம்தான். கூலி, அவர் ஊருக்குப் போகும்போது அவர் வீட்டை நாம் பார்த்துக்கொள்வது. அதோடு ஒரு ஷரத்தையும் மனதுக்குள் எழுதிக்கொள்ளலாம்: ஏதாவது காணாமல் போனால், முதல் சந்தேகம் அந்த அக்கா மேலும் வராது, அவர் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் மேலும் வராது.