குருத்தும் குடலும்: ஒரு சொல்லின் வரலாறு

1868இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 'ஸ்டாம்செல்' என்னும் சொல்லை வழங்கினார். 'ஸ்டாம்' என்பது அம்மொழியில் அடிமரத்தையும் குலத்தையும் ஒருங்கே குறிக்கும். உயிர்க்குலம் அனைத்திற்கும் மூதாதையான ஓரணு உயிரையே அவர் கருதினார். உடலின் திசுக்களைப் புதுப்பிக்கும் அணு என்னும் பொருள் பின்னர் வந்தது. ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தபோது அச்சொல் 'தண்டுச் செல்' என்றும் 'குருத்தணு' என்றும் இரு வடிவம் பெற்றது. இவற்றுள் பொருந்துவது எது என்பதைக் குடலாராய்ச்சியின் வரலாறே காட்டுகிறது.

1745இல் லீபர்கூன் என்பார் சிறுகுடற் சுவரிலுள்ள நுண்குழிகளை விவரித்தார். 1974இல் கனடாவில் செங், லெப்லான் இருவரும், அக்குழிகளின் அடியிலுள்ள மெல்லிய அணுக்களிலிருந்தே குடற்படலத்தின் பிற அணுக்கள் தோன்றுகின்றன என்றனர். அப்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது.

எல்லா அணுக்களிலும் மரபணுத்தொகுதி ஒன்றே. எம்மரபணு இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதிலேயே வேறுபாடு. குழியின் அடியில் 'விண்ட்' என்னும் சமிக்ஞை வலுவாக உள்ளது. அது 'டிசிஎஃப்4' என்னும் புரதத்தின் வழியே பெருக்கத்திற்குரிய மரபணுக்களை இயக்குகிறது. அணு மேலேற, சமிக்ஞை தளர்கிறது, பெருக்கம் நின்று, உணவை உறிஞ்சுதல் முதலிய தொழில்களை அணு மேற்கொள்கிறது, இறுதியில் உதிர்கிறது. 1998இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அப்புரதத்திற்குரிய மரபணுவை எலிகளில் நீக்கினர். சிறுகுடலில் குருத்தணுக்கள் நிலைபெறவில்லை. எலிகள் பிறந்த சிறிது காலத்திலேயே மடிந்தன. 2007இல் அக்குழுவைச் சேர்ந்த நிக் பார்க்கர், 'எல்ஜிஆர்5' மரபணு இயங்கும் அணுக்களே குடலின் குருத்தணுக்கள் என நிறுவினார்.

பார்க்கர் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து, புவன விஸ்தாவில் 2003இல் திறக்கப்பட்ட பயோபோலிஸ் வளாகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். எலியின் இரைப்பையில் இவ்வடையாளமுள்ள அணுக்கள் சிதைந்த திசுவைச் சீரமைப்பதையும், நெறி பிறழ்ந்தால் புற்றுக்கு வித்தாவதையும் 2017இல் அவர் குழு வெளியிட்டது. பெருங்குடலிலும் அவ்வாறே: 'ஏபிசி' என்னும் மரபணு பழுதுற்றால் விண்ட் சமிக்ஞைக்குத் தடை இல்லாமற்போகும், கட்டிகள் தோன்றும். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடற் புற்று ஒன்று.

தேக்காச் சந்தையில் வாழையிலை வாங்கும் நமக்குக் குருத்து புதிதன்று. வாழையின் வளர்நுனி அடியில் மறைந்திருக்கும். இளங்குருத்து நடுவே மேலெழும். முதிர்ந்த இலை புறத்தே உலரும். குடலின் புதுப்பிப்பும் இம்முறையினதே. 'தண்டு' நிலைத்து நிற்பதைச் சொல்கிறது. 'குருத்து' இடையறாது தோன்றுவதைச் சொல்கிறது. ஐம்பது வயதைக் கடந்தோரை ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லும்போது, காரணத்தையும் அவர்தம் மொழியிலேயே சொல்லலாம்: அடங்க வேண்டிய குருத்து அடங்காமற் போயிற்றா என்று பார்க்கிறோம். கலைச்சொல்லாக்கம் அகராதிக்கு மட்டும் உரிய பணியன்று.