நாட்டு மரமும் நட்ட கைகளும்

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போ, ஒரு மரத்தின் பெயரால் வழங்கும் நகரம். 'ஈப்போ' என்பது இம்மண்ணில் இயல்பாக வளரும் ஒரு காட்டு மரம். அதன் பாலை அம்பு நுனியில் தடவி, ஊதுகுழலால் எய்து வேட்டையாடினர் பூர்வகுடி மக்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இம்மரம் வளர்கிறது. அங்கே அதன் பட்டை மரவுரியாகவும் பைகளாகவும் பயன்பட்டது. மரத்தின் பெயர் நகருக்கு நிலைத்தது. மரமோ நகரத்தில் காண்பதற்கு அரிதாயிற்று. பேராக்கின் தாவர வரலாறு முழுவதையும் இந்த ஒரு செய்தியில் காணலாம். தானே வளர்ந்தது அருகியது. நட்டுப் பேணியது பெருகியது.

பால் தரும் மரங்கள் இந்நாட்டிற்குப் புதியவை அல்ல. தபான் எனும் மரத்தின் பாலை மலாய் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் தன்மையுடைய அப்பொருளைக் கொண்டு கத்திப் பிடிகளும் சாட்டைகளும் செய்தனர். 1840களில் சிங்கப்பூரிலிருந்து அது ஐரோப்பாவுக்குச் சென்றது. கடல்நீரில் கெடாமல் மின்கம்பியைக் காக்க அதற்கு நிகரான பொருள் அந்நாளில் வேறில்லை. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக்கம்பி தபான் பாலால் பொதியப்பட்டதே. உலகின் கண்டங்கள் செய்தியால் இணைந்தன; மலாயாக் காடுகளில் தபான் மரங்கள் சாய்ந்தன. கீறிவிட்டால் எளிதில் வழியாத பால் அது. ஆகவே மரத்தையே வெட்டி வீழ்த்தி, அடிமரம் நெடுக வளையங்களாகப் பட்டையைச் செதுக்கி எடுத்தனர். பல்லாண்டு வளர்ந்த ஒரு மரம் தந்ததோ ஒருசில இராத்தல் பால்தான். எடுப்பவர் பலராயினர், நடுபவர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறை தபானைப் பேணவும் நடவும் முற்பட்டபோது, பெருமரங்கள் பெரும்பாலும் மறைந்திருந்தன.

மரம் அருகினாலும் சொல் அழியவில்லை. மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லே தோட்டத் தமிழரின் நாவில் 'கித்தா' ஆயிற்று. 'கித்தாக்காடு' என்று அவர்கள் சொன்னது தபான் காட்டை அன்று. பின்னர் வந்த இரப்பர்க் காட்டை. நாட்டு மரத்தின் பாலுக்கு வழங்கிய சொல்லை வந்தேறிய மரம் பெற்றுக்கொண்டது.

இரப்பர் தரும் நாட்டு மரமும் ஒன்று இருந்தது. ஆல், அரசு ஆகியவற்றின் இனமான ரம்போங் மரம் அது. தொடக்கக் காலத்தில் சிலர் அதையும் நட்டுப் பார்த்தனர். ஆயின் அதனைத் தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு மரம் வென்றது. 1876இல் ஹென்றி விக்கம் ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். இவ்விதை சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். அதனால் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நடுவித்தார். அந்த நாற்றுகளின் எச்சமெனப் போற்றப்படும் முதுமரம் ஒன்று கோலகங்சாரில் வேலியிட்டுக் காக்கப்பட்டு வருகிறது.

மரம் வந்தவுடன் தோட்டங்கள் தோன்றிவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் சீவல் முறையைக் கண்டறிந்தார். தபானுக்கும் இரப்பருக்கும் உள்ள பெரும் வேறுபாடு இங்கேதான். முன்னதை வெட்டினால்தான் பால்; பின்னது காயம் ஆறி மீண்டும் பால் சுரப்பது. ஆகவே அதை நட்டுக் காத்திருப்பது பயனுடையதாயிற்று. காப்பிப் பயிர் நலிந்த வேளையில் தோட்டக்காரர்கள் இதன்பால் திரும்பினர். 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தொட்டது. பேராக்கின் சமவெளிகளும் குன்றுச் சரிவுகளும் பால்மரக் காடுகளாயின.

அந்தக் காடுகளை வளர்த்தவர் யார்? காடு வெட்டியோருள் சீனரும் மலாய்க்காரரும் சாவகத்தவரும் உண்டு. நாற்று வளர்த்தல், களையெடுத்தல், பால் வெட்டுதல் ஆகிய இடையறாப் பணிகள் பெரும்பாலும் தமிழர் கைகளில் இருந்தன. கங்காணிகளின் வழியும் ஒப்பந்தக் கூலிகளாகவும் அவர்கள் வந்தனர். இந்திய ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின்னும் வரவு நிற்கவில்லை. புதிதாகத் திறந்த தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டது. நட்ட கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நட்டவருள் பலர் அந்தப் பாலைக் காணவே இல்லை.

அவர்கள் செய்தது வெறும் உடலுழைப்பு எனக் கருதுவது பிழை. மூன்று அறைகளுடைய காய் வெயிலில் வெடித்துச் சிதறும். ஆமணக்கு விதையைப் பெரிதாக்கினாற்போல் புள்ளியிட்டுக் கிடக்கும் கொட்டைகளை உடனே பொறுக்கியாக வேண்டும். மணல் மேடையில் தட்டையான பக்கம் கீழிருக்கப் பதித்து, நிழற்பந்தலிட்டு, ஈரம் காக்க வேண்டும். முளைத்ததை வேர் மடங்காமல் நாற்றங்காலுக்கு மாற்ற வேண்டும். 1910களில் டச்சுக்காரர் ஆண்ட தீவுகளில் உருவான ஒட்டுக்கட்டும் முறை பரவியபின், பணி மேலும் நுண்மையாயிற்று. நாற்றின் பட்டையைக் கதவுபோல் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுத் துண்டை அதனுள் செருகி, நீர் புகாமல் கட்டி, சுமார் மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்க்க வேண்டும். கத்தி சற்றே ஆழ்ந்தால் மொட்டு கருகிவிடும். 1925இல் அமைந்த இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்லினங்களைத் தேர்ந்து தந்தது. அவை தோட்டத்தில் மரமானது இக்கைகளின் பழக்கத்தால்.

விக்கம், லோ, ரிட்லி ஆகியோர் பெயர்களை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஈப்போவின் முதன்மையான தெரு ஒன்று நெடுங்காலம் ஹியூ லோவின் பெயரைத் தாங்கியிருந்தது. ஒட்டுக்கட்டியவர் ஒருவர் பெயரும் எந்தப் பாடநூலிலும் இல்லை. நிலமும் அவர்களுக்கு உரியதாகவில்லை. விடுதலைக்காலத்தை ஒட்டித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பிறந்து வளர்ந்த லயங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. அதற்கு மாற்றாக 1960இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் செலுத்திய பங்குப்பணத்தால் தோட்டங்களை வாங்கினர். நட்டவரே உடையவராகலாம் என்பதற்கு அது சான்று.

இன்று பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டம் கலைய, தோட்டப் பள்ளியும் இடம் பெயர்கிறது. பெரட்டு, நாற்றுமேடை, ஒட்டுக்கட்டு முதலிய சொற்களும் வழக்கொழிகின்றன. தபான் எடுக்கப்பட்டதுபோல் தோட்டத் தமிழரின் உழைப்பும் எடுக்கப்பட்டது. பதிவென்னும் நடவு அதற்கு நிகழவில்லை.

பேராக் காடுகளில் பெரா என்னும் நாட்டு மரம் ஒன்று உண்டு. இரப்பரின் இனத்ததே, அதன் காயும் வெடித்துக் கொட்டை சிதறும். பச்சையாக உண்டால் நஞ்சு. வேகவைத்தும் பக்குவம் செய்தும் அதை உணவாக்கும் வகையைப் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்துள்ளனர். ஏட்டில் எழுதாவிடினும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததால் அவ்வறிவு வாழ்கிறது. தமிழாசிரியர்க்கு இதில் ஒரு படிப்பினை உள்ளது. பள்ளி வளாகத்தில் ஓர் ஈப்போ மரத்தையும் ஒரு பெரா மரத்தையும் ஓர் இரப்பர் மரத்தையும் அருகருகே நடலாம். ஒட்டுக்கட்டிய பாட்டன் பாட்டியரை அழைத்து, அம்மர நிழலில் பேச வைத்து, மாணவரை எழுதிக்கொள்ளச் செய்யலாம். அம்முதியோர் இன்னும் சிலரேனும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அது நிகழ வேண்டும்.