அஷ்டதிக்கஜங்கள்: ஒரே பட்டத்துக்கு உரிய இரு குழுவினர்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் வரலாற்றில் அடிக்கடி இடம்பெறும் 'அஷ்டதிக்கஜங்கள்' என்ற பட்டம் இரு வேறு குழுவினரைக் குறிக்கிறது. இரண்டும் சுமார் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவை என்பதால், எந்த எண்மர் எனத் தெளிவுபடுத்தாவிட்டால் குழப்பம் ஏற்படும்.

எட்டுத் திசைகளிலும் நின்று உலகைத் தாங்குவதாகப் புராணங்கள் கூறும் யானைகளே திக்கஜங்கள். கிழக்குக்கு உரியது ஐராவதம்.

காலத்தால் முந்தியவர்கள் வைணவ ஆசாரியரான மணவாள மாமுனிகளின் (1370-1443) முதன்மைச் சீடர்கள் எண்மர். வானமாமலை ஜீயர், எறும்பியப்பா உள்ளிட்டோர் அடங்கிய இக்குழுவில் பிரதிவாதி பயங்கரம் அண்ணனும் ஒருவர். திருமலையில் அதிகாலையில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவர் இவரே என்பது வைணவ மரபு. சுப்ரபாதத்தைக் கேட்போரில் பலருக்கு அண்ணனின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தெலுங்கு இலக்கியத்தில் இப்பட்டம் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் (ஆட்சிக்காலம் 1509-1529) அவைப் புலவர்களைச் சுட்டுகிறது. திருமலைக்குப் பலமுறை வந்து காணிக்கை செலுத்திய அவரது உருவச்சிலை, இரு தேவியரின் சிலைகளுடன் கோயிலுக்குள் இன்றும் உள்ளது. அல்லசானி பெத்தனா, நந்தி திம்மனா, தமிழரும் நன்கறிந்த தெனாலி ராமகிருஷ்ணர் ஆகியோர் இப்பட்டியலில் இடம்பெறுகின்றனர்.

இவர்களுள் தூர்ஜடி, ஸ்ரீகாளஹஸ்தி ஈசனைப் பாடிய சைவர். வைணவப் பற்றுமிக்க அரசரின் அவையில் மதிக்கப்பட்ட அவரே, தமது ஸ்ரீகாளஹஸ்தீஸ்வர சதகத்தில் அரசர்களைக் கடுமையாகச் சாடியுள்ளார். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீகாளஹஸ்தி, 2022 ஏப்ரலில் உருவாக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

எண்மர் பட்டியல் முழுமையாக ஏற்கப்பட்ட ஒன்றன்று. பிங்களி சூரனா, ராமராஜபூஷணர் ஆகிய இருவரும் கிருஷ்ணதேவராயருக்குப் பிந்தையவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ராமராஜபூஷணரின் வசுசரித்திரம், பின்னாளில் ஆட்சி செய்த ஆரவீடு மரபின் திருமலைராயருக்கு அர்ப்பணிக்கப்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். எட்டு என்ற எண்ணை நிரப்பவே பிற்காலத்தவரின் பெயர்களும் சேர்க்கப்பட்டிருக்கலாம்.

தற்காலத் தெலுங்கு நாளிதழ்களில் எண்ணிக்கை மறைந்து 'திக்கஜம்' மட்டும் எஞ்சியுள்ளது. மூத்த அரசியல்வாதியும் திரைக்கலைஞரும் அவ்வாறே குறிப்பிடப்படுகின்றனர். தமிழில் அவ்விடத்துக்குப் பொருந்துவது 'யானை' அன்று, 'ஜாம்பவான்' என்ற சொல்லே.