சாமுராய் படைகள் ஏன் குயவர்களைப் பிடித்துச் சென்றன? ஒரு கொரிய மலையின் கதை

தென் கொரியாவின் கெர்யோங்சான் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மலையேறவும் செர்ரிப் பூக்களைப் பார்க்கவும்தான் போகிறார்கள். ஆனால், ஜப்பானியப் பீங்கானின் கதையும் இந்த மலையடிவாரத்தைத் தொட்டுத்தான் தொடங்குகிறது.

எங்கே இருக்கிறது?

சோலுக்குத் தெற்கே, தேஜோன், கொங்ஜு நகரங்களை ஒட்டி இருக்கிறது. உயரம் சுமார் 845 மீட்டர். 1968-இல் தேசியப் பூங்காவானது. ‘கெர்’ என்றால் கோழி, ‘யோங்’ என்றால் டிராகன். மலைமுகடு, சேவல் கொண்டை வைத்த டிராகன் மாதிரி தெரிவதால் இந்தப் பெயர். கிழக்கே டோங்ஹாக்சா, மேற்கே கப்சா என இரண்டு பழமையான புத்தக் கோயில்கள். டோங்ஹாக்சாவில் பிக்குணிகள் படிக்கும் கல்லூரியும் உண்டு.

பாண்டத்தில் என்ன விசேஷம்?

டோங்ஹாக்சாவுக்குப் போகும் வழியில் ஹாக்போங்-ரி கிராமம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சூளைகள் எரிந்தன. சாம்பல் நிறப் பாண்டத்தின் மேல் வெள்ளைக் களிமண் கரைசலைப் பூசி, இரும்புச் சாயத்தால் மீனையும் கொடியையும் வேகமாகத் தீட்டினார்கள். இந்த வகைக்குப் பெயர் ‘புன்ச்சோங்’. கோடுகள் கச்சிதமாக இருக்காது, அதுதான் அழகே.

சரி, போருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியா மீது படையெடுத்தது. அப்போது ஜப்பானிய பிரபுக்களிடையே தேநீர்ச் சடங்கு மோகம் உச்சத்தில் இருந்தது; கொரியக் கிண்ணங்களுக்கு ஏக மவுசு. அதனால் கிண்ணங்களோடு, அவற்றைச் செய்யும் கைகளையும் கொண்டு போனார்கள். ‘பீங்கான் போர்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் யி சாம்-ப்யோங். அரிட்டாவில் பீங்கானுக்கு ஏற்ற வெண்கல்லைக் கண்டெடுத்தவர் என்று அறியப்படுகிறார். 1616-ஐ ஜப்பானியப் பீங்கானின் தொடக்கமாக அந்த ஊர் கொண்டாடுகிறது. சில பத்தாண்டுகளில் டச்சுக் கப்பல்கள் அரிட்டா பீங்கானை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. அவருடைய ஜப்பானியக் குடும்பப் பெயரான ‘கனகாயே’, கொங்ஜு வழியாக ஓடும் கும் ஆற்றைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. கெர்யோங்சானோடு அவரை இணைப்பது இந்தப் பெயர்தான்.

கொரியாவில் என்ன ஆனது?

வெண்பீங்கானின் வரவால் புன்ச்சோங் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. போர் அதன் கதையை முடித்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1990-களில் இளம் குயவர்கள் சிலர் மலையடிவாரத்தில் உள்ள சாங்சின்-ரியில் குடியேறி, பழைய பாணியை மீட்டெடுத்து வருகிறார்கள். அங்கே நீங்களும் மண்ணைப் பிசைந்து பார்க்கலாம்.

ஏன் இது இன்றும் முக்கியம்?

அரிட்டாவில் யி சாம்-ப்யோங் ஒரு கோயிலில் வணங்கப்படுகிறார். 1917-இல் அவருக்கு நினைவுத்தூணும் எழுப்பினார்கள். மரியாதை உண்மையானதுதான். ஆனால் அவர் ஜப்பானுக்குப் ‘போனார்’ என்று எழுதுவதா, ‘பிடித்துச் செல்லப்பட்டார்’ என்று எழுதுவதா? ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம். ஊரைவிட்டு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வரலாறு முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.