குற்றப் பதிவேட்டில் குற்றமற்றவர்கள்: பிரிட்டன் டிஎன்ஏ தரவகம் வளர்ந்த கதை

நாடு முழுமைக்குமான போலீஸ் டிஎன்ஏ தரவகத்தை உலகில் முதலில் தொடங்கிய நாடு பிரிட்டன். 1995 ஏப்ரலில், அரசின் தடய அறிவியல் துறைப் பொறுப்பில் பர்மிங்ஹாமில் அது செயல்படத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1984 செப்டம்பரில், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகையைக் கண்டறிந்திருந்தார். கொலை வழக்கு ஒன்றில் அந்த முறை முதன்முதலாகக் கையாளப்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் நிரபராதி என்று தெரியவந்தது. தரவகத்தின் பெருமை பேசுவோர் இங்கிருந்தே தொடங்குவார்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் தப்பியது அவன் மாதிரியை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். காலமெல்லாம் கட்டி வைத்ததால் அல்ல.

மாதிரி எடுப்பது எளிது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் போதும். ஆய்வகம் அதிலிருந்து பெறும் எண் வரிசையே கணினியில் ஏறும். முதலில் மரபணுத் தொடரில் 6 இடங்களைப் பார்த்தார்கள், 1999 முதல் 10, பிற்பாடு 16. இந்த எண்களை வைத்து ஆளின் உடல்நலத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது என்றார்கள் அதிகாரிகள். உண்மைதான். ஆனால் மிச்ச மாதிரியை அவர்கள் எறியவில்லை, உறைபெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். அதில் ஆளின் முழு மரபணுவும் இருந்தது.

விடுதலையானவரின் மாதிரியை அழித்தாக வேண்டும் என்பதே அன்றைய சட்டம். போலீஸ் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. அழித்திருக்க வேண்டிய மாதிரிகளைக் கொண்டு தொடரப்பட்ட இரண்டு வழக்குகள், ஒன்று கொலை, மற்றது பாலியல் வன்கொடுமை, 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நிற்காமல் போயின. பத்திரிகைகள் கொதித்தன. சட்டத்தை மீறியவர்களைத் திருத்தாமல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது! வழக்கிலிருந்து விடுபட்டாலும் மாதிரியை வைத்துக்கொள்ளலாம் என்றது 2001 சட்டம். கைதானாலே எடுக்கலாம் என்றது 2003 சட்டம். கூடவே உறவுமுறைத் தேடலும் வந்தது: தடயத்தோடு பாதி பொருந்தும் பெயரைப் பிடித்து, அவருடைய அண்ணன் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுவது. இனி பதிவாக ஒருவர் கைதாகவே வேண்டியதில்லை. அவர் தம்பி கைதானால் போதும். கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் அதிகம் பிடித்ததால் பதிவேட்டிலும் அவர்களே மக்கள்தொகை விகிதத்தை மீறி நிறைந்தார்கள். நெறிமுறைக் குழு அமைக்கப்பட்டது 2007இல்தான்; பந்தி முடிந்த பிறகு இலை போட்டது போல.

கண்டுபிடித்த ஜெஃப்ரிஸே குற்றமற்றவர்களின் பதிவுகளை வைத்திருப்பதை வெளிப்படையாக எதிர்த்தார். அரசு அசையவில்லை. 2001இல் வழிப்பறி முயற்சி என்று பிடிக்கப்பட்டு விடுதலையான 11 வயதுச் சிறுவனின் மாதிரியை அழிக்கப் போலீஸ் மறுத்தது. உள்நாட்டு நீதிமன்றங்களும் அவனைக் கைவிட்டன. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பர் 4 அன்று, 17 நீதிபதிகளும் ஒருமித்து, இது தனிவாழ்க்கை உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. விடுதலையானவர்களின் பதிவுகளைப் பெரும்பாலும் அழித்துவந்த ஸ்காட்லாந்தின் முறையையும் அது எடுத்துக்காட்டியது.

2012இல் புதுச் சட்டம் வந்தது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன. 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்பட்டன. இத்தனையும் போன பிறகும் குற்றங்களைக் கண்டறியும் வேலை நின்றுவிடவில்லை.

தண்டனை பெற்ற பெரியவர்களின் பதிவு மட்டும் காலவரையின்றி நீடித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக 50 பவுண்டு அபராதமும் ஓராண்டு ஓட்டுநர் தடையும் பெற்ற வட அயர்லாந்துக்காரர் ஒருவர் அதே ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போனார். 2020 பிப்ரவரியில் அவரும் வென்றார்.